குணமா, குற்றமா?

கவிதையும் கல்வெட்டும் பேசப்படும் இவ்விடத்தில் ரேடியேட்டரைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு வாசக அன்பர்கள் நம்மைப் பொறுத்தருள வேண்டும். ஆயினும் நாம் தொடுக்கும் வழக்கு அடிப்படையில் ஒரு சொல்லைப் பற்றியது. சொல்லைப் பற்றிய வழக்காகிவிட்டால் அது தமிழாசிரியனின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. அந்தச் சொல் 'குணம்'. கார் உலகில் அதைக் 'கேரக்டர்' என்கிறார்கள்.

நம்மிடம் ஒரு சிறிய கார் உண்டு. டர்போ பெட்ரோல் எஞ்சின், கையால் மாற்றும் கியர், தரையோடு தாழ்ந்த தோற்றம், பின்புறத்தில் யாருக்கும் பயன்படாத ஒரு சிறகு. நாற்பதைத் தாண்டிய கல்லூரி ஆசிரியருக்கு இது எதற்கு என்று வீட்டில் எழுந்த வினாவுக்கு இன்றுவரை நம்மிடம் விடையில்லை. ஐந்தாண்டு ஓடிய வண்டியாக வாங்கினோம். இரண்டாம் ஆண்டில் கூலன்ட் குறையத் தொடங்கியது. நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் மாதம் ஒருமுறை தொட்டியின் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கிவிடும். சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "டர்போ வண்டி சார், கொஞ்சம் குடிக்கும். அதோட கேரக்டர் அது" என்றார். ஊற்றி அனுப்பினார். மூன்று முறை சென்றோம். மூன்று முறையும் அதே சொல், அதே புன்னகை, ரசீதில் 'கூலன்ட் நிரப்பப்பட்டது' என்னும் அதே ஒற்றை வரி.

அடுத்த மே மாதம், குடும்பத்தோடு திருச்சிக்குச் செல்லும் வழியில், உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும் பானெட்டிலிருந்து ஆவி எழுந்தது. வெப்பமுள் சிவப்பைத் தொட்டதை நாம் கவனித்தபோது காலம் கடந்துவிட்டது. ஹெட் கேஸ்கெட் போயிற்று. சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. அதே சர்வீஸ் நிலையம் தந்த மதிப்பீடு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கென எடுத்துவைத்திருந்த தொகையும் ஏறத்தாழ அதுவே. இறுதியில் நம் ஊர் மெக்கானிக் ஒருவர் பிரித்துப் பார்த்துக் காரணத்தைக் கையில் எடுத்துக் காட்டினார்: தெர்மோஸ்டாட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் கூட்டில் தலைமுடி அளவு விரிசல். அதிலிருந்து கசிந்த நீர் சூடான எஞ்சின் மீதே விழுந்து ஆவியாகிவிட்டதால் தரையில் ஈரமில்லை. "மொதல் தடவ கொறஞ்சப்பவே பாத்திருந்தா மூவாயிரத்துல முடிஞ்சிருக்கும் சார்" என்றார்.

இதைக் கேள்வியுற்ற இயற்பியல் துறை நண்பர் நமக்குச் சொன்ன ஆறுதல்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. "ஸ்போர்ட்ஸ் காருன்னா அப்படித்தான் இருக்கும். இல்லாட்டி வேகன்-ஆர் வாங்கியிருக்கணும்." அதாவது, இன்பம் வேண்டுவோன் பழுதையும் சேர்த்தே வாங்குகிறான், இது இயற்கை விதி. சர்வீஸ் நிலையத்து இளைஞர் சொன்னதும் இதுதான். கற்றறிந்த நண்பர் சொன்னதும் இதுதான். கார் ஆர்வலர்கள் பெருமிதத்தோடு சொல்லிக்கொள்வதும் இதுதான். மூவரும் தவறு என்பது நம் வாதம். தவறு மட்டுமன்று, செய்பவனுக்கு ஆதாயமும் வாங்குபவனுக்கு இழப்பும் தரும் தவறு.

நன்னூலின் பாயிரம் நூலுக்குப் பத்துக் குற்றம், பத்து அழகு என இரண்டு பட்டியல்களைத் தனித்தனியே தருகிறது. குற்றத்தில் ஒன்றை எடுத்து அழகின் பட்டியலில் எழுதிக்கொள்ள எந்த உரையாசிரியரும் இடம் தந்ததில்லை. கார் விமர்சகர்கள் அதை ஐம்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள்.

இந்த வழக்கம் இங்கிலாந்தில் தொடங்கிற்று என்று சொல்லலாம். எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அழகிய வண்டி, ஐயமில்லை. ஆனால் அக்கால ஆங்கிலேயக் கார்களுக்கு மின்சாதனங்கள் அளித்த லூகாஸ் நிறுவனத்தின் நிறுவனருக்கு ஆர்வலர்கள் 'இருளின் இளவரசர்' என்று பட்டம் சூட்டினார்கள், விளக்குகள் அணைந்துவிடுமாம். தகரம் துருப்பிடித்தது, எண்ணெய் ஒழுகியது, மழையில் கிளம்ப மறுத்தது. இவற்றையெல்லாம் முதலில் நகைச்சுவையாக்கினார்கள். பின்பு நகைச்சுவையைப் பாசமாக்கினார்கள். பாசம் முற்றியபோது அதற்கு 'கேரக்டர்' என்று பெயரிட்டார்கள். ஒழுகாத ஆங்கிலேயக் காரில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருள் என்னும் துணுக்கை இன்றும் பெருமையாகச் சொல்வோர் உளர். வார இறுதியில் கை கறுக்க உழைக்கும் நேரமும் பணமும் உடையவர்களின் விளையாட்டு அது. அவர்கள் விளையாடட்டும். அதைப் பொது விதியாக எழுதிவைத்ததுதான் வினை.

அந்த விதியை உடைத்த வண்டி 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வெளிவந்தது. மாஸ்டா எம்.எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா என்று அறியப்படுவது. தொஷிஹிகோ ஹிராய் தலைமையில் அதை வடித்த பொறியாளர்கள் பழைய லோட்டஸ் ஈலானைப் போன்ற ஆங்கிலேய வண்டிகளின் இன்பத்தை வெளிப்படையாகவே பின்பற்றினார்கள்: குறைந்த எடை, முன்னே எஞ்சின், பின்சக்கரங்களுக்கு விசை, குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடல் ஆகும் உணர்வு. பழுதை மட்டும் பின்பற்றவில்லை. எஞ்சினுக்கு அவர்கள் புதுமை எதையும் தேடவில்லை என்பதே இதில் நுட்பமான செய்தி. தங்கள் 323 என்னும் குடும்பக் காரின் 1.6 லிட்டர் எஞ்சினை எடுத்துப் பதப்படுத்தி, நீளவாக்கில் வைத்தார்கள். டர்போ இல்லை. டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாத அமைப்பு. பெல்ட்டை மறந்துவிட்டவனுக்கு அவமானம் உண்டு, எஞ்சின் சாவு இல்லை. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. முதல் தலைமுறை வண்டிகள் முப்பது வயதைக் கடந்தும் ஓடுகின்றன.

இது குறையே இல்லாத வண்டி என்று நாம் சொன்னால் அதுவும் பொய்யே. 1989 முதல் 1991 வரையிலான வண்டிகளில் கிராங்க்ஷாஃப்டின் முன்முனை குட்டையானது. புல்லியைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்தால் சாவிப்பள்ளம் தேய்ந்து கிராங்கே பாழாகும். பின்னர் அம்முனையை நீட்டித் திருத்தினார்கள். ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக். ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறி ஒருநாள் வெடிக்கும். கிளட்ச்சின் கீழ்ச்சிலிண்டர் ஒழுகும். எல்லாவற்றிலும் கொடியது துரு. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளின் பின்னேயுள்ள வடிதுளைகள் வழியாக இறங்க வேண்டும். இலையும் தூசியும் அடைத்தால் நீர் உள்ளேயே தங்கிப் பின்சக்கரத்தின் முன்னிருக்கும் அடிச்சட்டத்தைத் தின்றுவிடும். ஒரு கம்பியால் ஆண்டுக்கு இருமுறை குத்திவிட்டால் போதும். குத்தாதவர்களின் வண்டிகளே இங்கிலாந்தின் பழைய இரும்புக் கடைகளுக்குப் போயின.

ஆனால் இக்குறைகள் எவையும் மறைபொருள் அல்ல. எங்கே உடையும், எப்போது உடையும், உடையுமுன் என்ன அறிகுறி காட்டும் என்பது கடைக்கோடி மெக்கானிக்குக்கும் தெரியும். பெரும்பாலானவற்றுக்கு உதிரிபாகம் மலிவு, பிரிப்பது எளிது. 'இது இவ்வண்டியின் குணம்' என்று யாரும் தோளைக் குலுக்குவதில்லை. நீடித்து உழைப்பது என்றால் பழுதே வராமை அன்று. வரும் பழுது முன்னறியத்தக்கதாகவும் தாங்கத்தக்கதாகவும் இருப்பது. மாணவர்க்கு நாம் சொல்வதுண்டு: நம்பிக்கை நம் மனத்தில் இருப்பது, நம்பகம் பொருளில் இருப்பது. விளம்பரம் முன்னதைத் தூண்டும்; பின்னதைத் தொடாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். எம்.எக்ஸ்-5 பலருக்கு இரண்டாவது கார். வெயில் நாளில் மட்டும் வெளியே வருவது. ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டரே ஓடுவது. செல்லப்பிள்ளை நோய்வாய்ப்படாமலிருப்பதில் வியப்பென்ன என்பார்கள். நியாயமான மறுப்புத்தான். ஆனால் எம்.ஜி.பி.யும் செல்லப்பிள்ளையாகத்தானே வளர்ந்தது?

'ஜப்பானிய வண்டி, அதனால் உடையாது' என்னும் எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கையும் இவ்வழக்கில் நமக்குத் துணையன்று. அதே மாஸ்டா நிறுவனம் ஆர்.எக்ஸ்-8 என்னும் ஸ்போர்ட்ஸ் காரையும் விற்றது, 2003 முதல் 2012 வரை. பிஸ்டன் இல்லாத சுழல் எஞ்சின், 1.3 லிட்டரில் வியத்தகு ஆற்றல், ஓட்டியவர்கள் மயங்கினார்கள். அந்த முக்கோணச் சுழலியின் முனைகளில் இருக்கும் சிறு அடைப்புத் தகடுகள் தேய்ந்தால் அமுக்கம் குறையும். சூடான எஞ்சின் மீண்டும் கிளம்ப மறுக்கும். சற்றே இயக்கி உடனே அணைத்தால் பெட்ரோல் தேங்கி மூச்சடைக்கும். எரிகலத்துக்குள் எண்ணெயைத் தானே செலுத்திக்கொள்ளும் அமைப்பு என்பதால் எண்ணெய் அளவை அடிக்கடி பார்த்தே ஆக வேண்டும். புகார்கள் பெருகியபின் நிறுவனமே அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான வண்டிகளின் எஞ்சினுக்கான உத்தரவாதத்தை எட்டாண்டு அல்லது ஒரு லட்சம் மைல் என நீட்டித்தது. ஒரே நிறுவனம், ஒரே இலச்சினை, ஒரே காலத்தில் கடையில் அருகருகே நின்ற இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள். ஒன்று தலைமுறை தாண்டுகிறது. மற்றொன்றை வாங்குமுன் அமுக்கச் சோதனை செய்யாதவனை அறிவிலி என்கிறார்கள். இலச்சினையைப் பார்த்து நம்பகத்தை எடைபோடுவோர் இந்த இரண்டையும் எந்தத் தராசில் வைப்பார்கள்?

நம்மைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் அதிகம் கற்பிப்பது எம்.ஜி.எஃப். என்னும் வண்டியின் கதை. நம் வண்டியின் நோயும் அதன் நோயும் உறவுமுறை என்பதால் மட்டுமன்று. 1995இல் ரோவர் நிறுவனம் எம்.எக்ஸ்-5க்கு விடையாக அதைக் கொண்டுவந்தது. உள்ளே கே-சீரிஸ் எஞ்சின், மெலிந்தது, எடை குறைந்தது, பொறியியல் மாணவர்கள் பாராட்டத்தக்கது. 1988இல் சிறிய எஞ்சினாகப் பிறந்த அதைத் துளையையும் வீச்சையும் கூட்டி 1.8 லிட்டராக்கினார்கள். தலையிலிருந்து அடிவரை அடுக்குகள் அனைத்தையும் ஊடுருவிச் செல்லும் நீண்ட போல்ட்டுகள் அதைப் பிடித்து நிற்கின்றன. தலையை இடம் தவறாமல் நிறுத்தும் முளைகளோ தொடக்கத்தில் பிளாஸ்டிக். நீரின் கொள்ளளவு மிகக் குறைவு. எம்.ஜி.எஃப்.இல் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னே, ரேடியேட்டர் வண்டியின் முன்னே. இடையே நெடும் குழாய்கள். எங்கோ ஒரு சிறு கசிவு, எஞ்சின் கண்ணில் படாத இடத்தில் இருப்பதால் உடைமையாளர் காண்பதில்லை, குறைந்த நீரில் காற்று புகுகிறது, தலை சூடேறுகிறது, கேஸ்கெட் போகிறது. ஆயிரக்கணக்கானோர் வீட்டில் இதே கதை.

பின்னாளில் திருத்தம் வந்தது. முளைகள் எஃகாயின, பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட் வந்தது, நீர் திடீரெனக் குளிர்ந்து தாக்காதபடி தெர்மோஸ்டாட்டின் அமைப்பு மாறிற்று. இவற்றைப் பொருத்திய வண்டிகள் நன்றாகவே ஓடுகின்றன. அப்படியானால் அது குணம் அன்று, திருத்தத்தக்க குற்றம். திருத்தம் பெருவாரியாகப் பயன்படுமுன் பெயர் கெட்டது. 2005 ஏப்ரலில் எம்.ஜி. ரோவர் திவாலாயிற்று. கேஸ்கெட் மட்டும் ஒரு நிறுவனத்தைக் கவிழ்த்தது என்று சொல்ல மாட்டோம். அதன் நோய்கள் பல. அதே எஞ்சினை 1996 முதல் தன் எலிஸ் காரில் வைத்திருந்த லோட்டஸ், 2004இல் வேகம் மிக்க வகைக்கு டொயோட்டாவின் எஞ்சினை எடுத்துக்கொண்டது. எலிஸின் இன்பம் அதனால் கெட்டுப்போனதாக நாம் கேள்விப்படவில்லை.

'இதெல்லாம் சீமைக் கதை' என்று ஒதுக்க முடியாது. நம் நாட்டு இளைஞர்கள் கனவு கண்ட சிறிய வேகக் கார் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 2013இல் வந்தது, 105 குதிரைத்திறன், ஏழு கியர்களும் உலர்ந்த இரட்டைக் கிளட்ச்சும் கொண்ட டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ். இதே வகைக் கியர்பாக்ஸ் பற்றிய புகார்களால் 2013 மார்ச்சில் சீனத்தில் 3,84,181 கார்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் உலகெங்கும் ஏறத்தாழ 16 லட்சம் கார்களில் கியர்பாக்ஸின் செயற்கை எண்ணெயை மாற்றிக் கனிம எண்ணெய் ஊற்றப் போவதாகவும் சொன்னார்கள். காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில், நின்று நின்று நகரும் நெரிசலில், செயற்கை எண்ணெயால் மின்கோளாறு நேரக்கூடும். வெப்பம், ஈரம், நெரிசல்: சென்னை கத்திப்பாராவை இதைவிடச் சுருக்கமாக யாரும் வருணித்ததில்லை. 2020இல் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யின் எஞ்சினும் மாறிற்று, கியர்பாக்ஸும் மாறிற்று. பழைய பாணியில் டார்க் கன்வெர்ட்டர் கொண்ட ஆறு கியர் வந்தது. இரட்டைக் கிளட்ச் இல்லாவிட்டால் உயிரில்லை என்று அதுவரை எழுதியவர்கள் புதியதையும் பாராட்டியே எழுதினார்கள்.

பட்டியல்களைப் பார்த்து வாங்குங்கள் என்று அறிவுரை சொல்வோருக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவின் ஜே.டி. பவர் நடத்தும் பெயர்பெற்ற நீடுழைப்பு ஆய்வு, மூன்றாண்டு வயதான கார்களின் முதல் உடைமையாளர்களைக் கேட்டு எழுதப்படுவது. மூன்றாண்டில் எம்.ஜி.பி.யே கூட ஒழுங்காக ஓடியிருக்கும்! நம் ஊரில் வங்கிகள் காருக்குத் தரும் கடன் ஏழாண்டு வரை நீள்கிறது. வண்டிக்குச் சான்றிதழ் மூன்றாண்டு, தவணை ஏழாண்டு. நான்காம் ஆண்டுக்கும் ஏழாம் ஆண்டுக்கும் இடையில் நடப்பவை அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை. இரண்டாம் உடைமையாளராகிய நம்மைப் போன்றவர்களை அந்த ஆய்வு கேட்பதும் இல்லை.

'ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லாத எண்ணெய்' என்று கையேட்டில் அச்சிடும் வழக்கம் இதைவிடச் சினமூட்டுவது. யாருடைய ஆயுள்? கியர்பாக்ஸைச் செய்துதரும் ஜெர்மானிய இசட்.எஃப். நிறுவனமே தன் தானியங்கிக் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டாண்டுக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. அதை வாங்கிப் பொருத்தும் கார் நிறுவனங்கள் சில, மாற்றவே வேண்டாம் என்கின்றன. பராமரிப்புச் செலவு குறைவு என்று விற்பனை மேசையில் சொல்லிக்கொள்ள அது உதவுகிறது. பின்னர் வரும் செலவு அவர்களுடையதன்றே.

உதிரிபாகத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. நம் மறைமலை நகரில் உருவான ஃபோர்டு ஃபியஸ்டாவின் 1.6 எஸ் வகை, கைதேர்ந்தவர்கள் இன்றும் தேடி வாங்கும் சிறிய செடான். 2015இல் வந்த அபார்த் புன்டோவின் 145 குதிரைத்திறனுக்காக ஏங்கியவர் பலர். ஃபியட் அப்பத்தாண்டின் இறுதிக்குள் தன் கார் விற்பனையை இங்கே முடித்துக்கொண்டது. 2021 செப்டம்பரில் ஃபோர்டும் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று உறுதி சொன்னது. எஞ்சின் எத்தனை உறுதியானதாக இருந்தாலும், ஒரு சென்சாருக்கு இரண்டு மாதம் காத்திருக்க நேர்ந்தால் அந்த இரண்டு மாதமும் அது ஓடாத வண்டியே. மாருதி ஸ்விஃப்ட் ஓட்டுவோரை ஏளனம் செய்யும் நம் ஆர்வல நண்பர்கள் இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்பதில்லை.

உடைமையாளரின் குற்றத்தையும் சொல்லிவிடுவதே முறை. டர்போ எஞ்சினைக் கிளப்பிய கணமே விரட்டுவோர், எண்ணெய் மாற்றத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவோர், கணினியில் மென்பொருள் மாற்றி இருபது குதிரைகளைக் கூடுதலாகப் பூட்டிவிட்டுக் கிளட்ச் தேய்ந்ததென்று நிறுவனத்தை வைவோர் ஆகியோருக்காக நாம் வாதிட வரவில்லை. நாமும் தூயவரல்லோம். முதல் முறை கூலன்ட் குறைந்தபோதே ஊர் மெக்கானிக்கிடம் போயிருக்க வேண்டும். 'கேரக்டர்' என்ற சொல் நமக்கும் இனித்தது. நம் வண்டி மற்ற வண்டிகளைப் போன்றதன்று என்ற சிறு செருக்கை அது தடவிக்கொடுத்தது. அந்தச் செருக்கின் விலை ஒரு லட்சத்துச் சொச்சம். மகளின் சேர்க்கைக் கட்டணத்தைக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டினோம்.

ஹெட்டைத் தட்டையாக்கிப் புதிய கேஸ்கெட் போட்டு, பிளாஸ்டிக் கூட்டுக்குப் பதில் அலுமினியத்தில் ஒன்றைத் தேடிப்பிடித்துப் பொருத்திக் கொடுத்தார் நம் மெக்கானிக். பதினான்கு மாதங்கள் ஆயின. கூலன்ட் மேல்கோட்டிலேயே நிற்கிறது. கொஞ்சம் குடிக்கும் குணம் எங்கே போயிற்று என்று அந்தக் கழுத்துப்பட்டை இளைஞரைக் கேட்க வேண்டும் என்றிருந்தோம்; அவர் வேலை மாறிவிட்டாராம்.

நம் கூற்றை மறுக்க விரும்புவோர் தாராளமாக மறுக்கலாம். ஆறாம் ஆண்டுக்குப் பிந்தைய சர்வீஸ் ரசீதுகளைக் கையில் வைத்துக்கொண்டு மறுக்குமாறு மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.